படத்தைக் கழற்றிவிடலாம், தெருவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தோழரின் அம்மா வீட்டை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். கணவர் இல்லை. மகள் தூத்துக்குடியில் செவிலியர் வேலையில் சேர்ந்திருக்கிறார். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே ஒத்திக்கு ஒரு வீடு பிடித்து மகளோடு போய் இருந்துவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். எவ்வளவுக்கு விலை போகும் என்பதைப் பொறுத்துத்தான் அது நடக்குமா நடக்காதா என்பது.

முன்னறை, பின்னால் அடுக்களை, மேலே காங்கிரீட் கூரை. கரிசல் மண்ணில் நிற்கும் எல்லா வீட்டுக்கும் வருகிற வெடிப்பு இந்த வீட்டுச் சுவரிலும் ஓடியிருந்தது. மாடியில் வத்தல் காய்ந்தது. முன்சுவரின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒரு பட்டை. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம், பக்கத்தில் தியாகி இம்மானுவேல் சேகரன் படம், அதற்குக் கீழே அம்மாவின் கணவர் படம்.

வீடு பார்க்க ஆள் கூட்டிவரப் போகும் தரகர் வெளி ஆள் இல்லை, சொந்தக்காரப் பையன்தான். அவன் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெடிப்பைச் சிமெண்டு வைத்துப் பூச வேண்டும். வத்தலை அள்ளிவிட வேண்டும். சிவப்பு பச்சையை அழித்துச் சந்தன நிறம் அடிக்க வேண்டும். கடைசியாக, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சித்தி, வாராக உள்ள நொழஞ்சதும் மொதல்ல பாக்குறது அந்தச் சொவரத்தான். அந்த ரெண்டு படத்தையும் ஒரு நாலு நாளைக்கு மட்டும் உள்ள எடுத்து வச்சிருங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "படத்தக் கழட்டிரலாம்யா. தெருவ எங்க கொண்டுபோயி வைக்க?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. விற்பதற்காக ஒரு வீட்டைத் தயார் செய்யும்போது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது மற்றவர்களுக்கு ரசனை சார்ந்த விஷயம். நமக்கு அது வரலாறு. நம் வீட்டுக்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று மற்றவர்கள் தீர்மானித்துவந்த நீண்ட வரலாற்றின் கடைசி அத்தியாயம். இளம் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பனைக்கு ஒரு தொழில்

விற்கும் வீட்டுக்கு ஒப்பனை செய்வதை அமெரிக்காவில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்று ஒரு தனித் தொழிலாகவே செய்கிறார்கள். 1970களில் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண் தரகர் இதைப் பரப்பினார். இப்போது சென்னை, கோவை அடுக்குமாடி விற்பனையிலும் இது வந்துவிட்டது. இதன் அடிப்படை விதிகள் எளிமையானவை. அடைசலை அகற்று. எவருக்கும் உறுத்தாத நிறம் அடி. உன் குடும்பப் படம், சாமி படம், உன் அடையாளம் சொல்லும் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடு. வாங்க வருகிறவர் அந்த வீட்டில் தன்னைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். உன்னைப் பார்க்கக் கூடாது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆதிக்கச் சாதி வீட்டு முன்னறையில் குலதெய்வப் படமும், சாதித் தலைவர் படமும், தாத்தாவின் மீசைப் படமும் தொங்கினால் வீட்டின் விலை இறங்குவதில்லை. சில இடங்களில் ஏறக்கூடச் செய்யும். "நல்ல எடம், நல்ல ஆளுக" என்பார்கள். அடையாளத்தை அழித்தால்தான் விலை என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் விதிக்கப்படும் விதி. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

வீடு இருந்தது, மனை இல்லை

விற்பதற்கு முதலில் சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் குடிசை நம்முடையது, அது நின்ற தரை நம்முடையது அல்ல. தமிழகத்தின் பல பகுதிகளில் பண்ணையார்களின் பிடி இறுகியிருந்தது இதனால்தான். கூலி உயர்த்திக் கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலோ, "என் இடத்தை விட்டு எழுந்திரு" என்று ஒரு சொல் போதும். ஆங்கிலேயர் காலத்து நில ஆவணங்களில்கூட ஊர்க் குடியிருப்பு நத்தமும் சேரி நத்தமும் தனித்தனியாக எழுதப்பட்டன. பிரிவினை முதலில் தெருவில் இருந்தது. பிறகு காகிதத்திலும் ஏறியது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் மனையும் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. விற்கும் உரிமைக்கு ஏன் பூட்டு? ஏமாற்றியும் மிரட்டியும் பிடுங்கிவிடுவார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. பூட்டு போட்ட பிறகும் பிடுங்கினார்கள். அந்த நிலங்களை மீட்கத்தான் 1994இல் காரணையில் போராட்டம் நடந்தது. அந்த அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம்.

நம் கரிசல் சீமையில் கதை சற்று வேறு. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி எட்டயபுரம் ஜமீனின் கீழ் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனால் அந்தச் சட்டம் பட்டா கொடுக்க வேண்டியது ரயத்துக்கு. பருத்திக் காட்டிலும் கம்பங்காட்டிலும் கூலிக்கு மாரடித்தவர் ரயத்து அல்ல. ஜமீன் போயிற்று, காடு கைமாறியது, நம் தெரு இருந்த இடத்திலேயே, ஊருக்குத் தள்ளி, அப்படியே இருந்தது. குடியிருந்த மனைக்குக் கையில் ஒரு காகிதம் வருவதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. இலவச வீட்டுமனைப் பட்டா, நத்தம் நிலவரித் திட்டப் பட்டா என்று அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அந்த அம்மா தகரப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றி எடுத்துக் காட்டினாரே, அந்தப் பட்டா அவ்வளவு தூரம் நடந்து வந்த காகிதம்.

மண்பானை மட்டும்

மனை கிடைத்தால் போதுமா? அதன்மேல் எதைக் கட்டலாம், உள்ளே எதை வைக்கலாம் என்பதற்கும் கட்டளை இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் மக்கள் மாடி வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டு வரை தடை இருந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததை 1931 கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையும் தாவணியும் அணியக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இவற்றுக்கு நடுவில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

நம் அடுக்களைக்குள் எந்தச் சட்டி இருக்கலாம் என்பதற்கு ஓர் ஊர்ச் சட்டம்! யாரும் பார்க்காத இடத்தில், அடுப்பின் மேல் இருக்கும் ஒரு பித்தளைச் சட்டி எதற்காக அவர்களை உறுத்த வேண்டும்? அது நமக்கும் மிச்சம் பிடிக்கத் தெரியும், நமக்கும் நாளை என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்கிறது. அதனால்தான். மக்கள் இந்தத் தடைகளை மீறினார்கள். குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அதோடு நிற்கவில்லை. 1931 ஜூனில் பதினொரு தடைகளாகப் பட்டியல் வளர்ந்தது. ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் சொல்லியே விதிக்கப்பட்டவை. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கக் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் பல்லக்குக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் கதவையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நம் கட்டுரையின் பொருளுக்கு நேராக வரும் ஒரு விதியும் அதில் இருக்கிறது. சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் அதை ஊர் மிராசுதாரர்களுக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் விடப்பட மாட்டாது. மழைத் தண்ணீரில் ஏதாவது விளைந்தாலும், அறுப்புக்கு வரும்போது கொள்ளையடிக்கப்படும்.

தலித்தின் சொத்து என்றால் அடிமாட்டு விலை என்பது சந்தை தானாகக் கண்டுபிடித்த விலை இல்லை, தோழர்களே. அது ஒரு காலத்தில் கட்டளையாகவே போடப்பட்டது. இன்று தரகர் "இந்தத் தெருவுக்கு இவ்வளவுதான் போகும்" என்று சொல்லும்போது, அந்தக் கட்டளையின் எதிரொலியையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

எரிந்த கூரையும் காங்கிரீட் கூரையும்

அந்த அம்மாவின் வீடு காங்கிரீட் வீடு என்று சொன்னேன். அந்தக் கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1957இல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டதை ஒட்டி முதுகுளத்தூர் வட்டாரத்தில் நம் கூரைகள் ஊர் ஊராக எரிந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை என்ன தெரியுமா? ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவது. ஒரு மக்களுக்கு அரசு வீடு கட்டிக்கொடுக்கும்போது, வசதியான வீடு, காற்றோட்டமான வீடு என்று சொல்லாமல் தீப்பிடிக்காத வீடு என்று சொல்ல நேர்ந்தது என்றால், அந்த மக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி வந்தவைதான் நாம் 'தொகுப்பு வீடு' என்று சொல்லும் வரிசை வீடுகள். ஒரே அளவு, ஒரே முகம், ஊருக்கு வெளியே ஒரு வரிசை. சில ஆண்டுகளில் கூரையின் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். கூரை நம்மைக் காப்பாற்றியது. கூடவே, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் நம்மைக் காட்டியும் கொடுத்தது. சந்தன நிறம் அடித்தாலும் தொகுப்பு வீடு தொகுப்பு வீடுதான்.

தொகுப்பு வீட்டைத் தாண்டி, சொந்தச் சம்பாத்தியத்தில் வீட்டை நிரப்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது? அதற்கு விளாத்திகுளத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. நமக்கு அடுத்த ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியங்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் நிமிர்ந்த ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அன்று உடைக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் படியுங்கள். தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், டேப் ரெக்கார்டர்கள், தையல் இயந்திரங்கள், சைக்கிள்கள், தானியச் சேமிப்புகள். துணிமணியோடு பாஸ்போர்ட்டும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் கொளுத்தப்பட்டன. குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள்.

'கர்ணன்' படம் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் தெரிந்திருக்கும். குற்றவாளியைத் தேடி வந்தவர்கள் தையல் இயந்திரத்தை ஏன் உடைக்க வேண்டும்? 1930இல் பித்தளைச் சட்டி எதைச் சொன்னதோ, அதையேதான் 1995இல் தையல் இயந்திரமும் சொன்னது. நம் வீட்டுக்குள் இருப்பது எப்போதுமே அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு அந்த முன்னறைச் சுவரை மறுபடி பாருங்கள். அந்தப் படங்கள் அலங்காரம் இல்லை. "இது என் வீடு, இங்கே எதை மாட்டுவது என்பது என் முடிவு" என்று முதன்முதலாகச் சொல்ல முடிந்த ஒரு தலைமுறையின் கையெழுத்து. அதைத்தான் நாலு நாளைக்கு உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறான் அந்தப் பையன்.

முகவரியே சொல்லிவிடுகிறது

ஆனால் அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் விதியை உண்டாக்கவில்லை. அம்மாவின் கேள்விக்கு வருவோம்: படத்தை எடுத்துவிட்டால் விலை ஏறுமா?

பெருநகரத்தில், பெயர் தெரியாத அடுக்குமாடியில் ஒருவேளை ஏறலாம். கிராமத்தில் ஏறாது. வாங்க வருகிறவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே தெருவைப் பார்த்துவிடுகிறார். தெருவைப் பார்ப்பதற்கு முன்பே முகவரியைக் கேட்டுவிடுகிறார். 'காலனி' என்ற ஒரு சொல் போதும். நகரத்தில் அதே சொல் வேறு பொருள் தரும். அங்கே வங்கி ஊழியர் காலனியும் ஆசிரியர் காலனியும் கௌரவமான முகவரிகள். கிராமத்தில் அது சாதியின் இன்னொரு பெயர். 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணம் இதுதான். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பலகையில் பெயர் மாறினால் மட்டும் தெரு இடம் மாறிவிடாது.

விலை எப்படிக் குறைகிறது என்பதைப் பொருளாதாரமாகவும் புரிந்துகொள்ளுங்கள். ஊர்த் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் நம் ஆள் வாங்க முடியாது. பணம் இருந்தாலும் கொடுக்க மாட்டார்கள். நம் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் ஊர்க்காரர் குடியிருக்க வாங்க மாட்டார். வாங்கக்கூடியவர்கள் நம் மக்கள் மட்டுமே. அவர்களிலும் கையில் காசு உள்ளவர்கள் ஏற்கெனவே தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். வாங்குவோர் குறைந்தால் விலை விழும். நடுவில் கதவு அடைக்கப்பட்ட இரண்டு சந்தைகள் இவை. பார்க்கும்போது ஏதோ தேவைக்கும் வரத்துக்கும் உள்ள சாதாரணக் கணக்கு மாதிரி தெரியும். உள்ளே இருப்பது சாதி. நமக்குள்ளும் இது உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அருந்ததியர் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தால், மற்ற பட்டியல் சாதியினரில் எத்தனை பேர் அங்கே வாங்கிக் குடியேறத் தயார்?

நகரம் இதிலிருந்து தப்பியது என்றும் நினைக்க வேண்டாம். சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்திய வாடகை வீட்டு ஆய்வு 2015இல் வெளியானது. எல்லாத் தகுதியும் ஒன்றாக இருந்தும், தலித், முஸ்லிம் என்று தெரியும் பெயர்களில் வீடு கேட்டவர்களுக்கு மறுப்பு வந்ததை அது பதிவு செய்தது. அங்கே தெரு இல்லை. பெயர் தெருவாக நின்றது.

கடலுக்கு அப்பால் ஒரு முன்னறை

நம் நிலையைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியாவில் மாரின் சிட்டி என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்காக உண்டானது. போர் முடிந்ததும் வெள்ளைத் தொழிலாளர்கள் வேறு இடங்களில் வீடு வாங்கிப் போனார்கள். கறுப்பின மக்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் எவரும் விற்கவில்லை. அதனால் அது கறுப்பின மக்களின் ஊரானது.

2020இல் அங்கே ஒரு கறுப்பினத் தம்பதி, கடனை மாற்றி வாங்குவதற்காகத் தங்கள் வீட்டை மதிப்பிடச் செய்தார்கள். மதிப்பீட்டாளர் சொன்னது 9,95,000 டாலர். அவர்களுக்குச் சந்தேகம். குடும்பப் படங்களையும் ஆப்பிரிக்கக் கலைப் பொருட்களையும் கழற்றினார்கள். ஒரு வெள்ளைத் தோழியை வரச்சொல்லி, அவர் குடும்பப் படங்களை வீட்டில் வைத்து, வேறொரு மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். சில வார இடைவெளிதான். இந்த முறை 14,82,500 டாலர். வழக்குப் போட்டார்கள், 2023இல் உடன்பாட்டில் முடிந்தது. பால்டிமோரில் பேராசிரியத் தம்பதி ஒருவருக்கும் இதேதான் நடந்தது. 4,72,000 டாலராக இருந்த வீடு, வெள்ளை நண்பர் நின்றதும் 7,50,000 டாலரானது.

அந்த ஊர்களுக்கும் நம் ஊர்களுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் அல்ல. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினப் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, கடனுக்கு ஆபத்தான இடம் என்று முத்திரை குத்தியது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டேன் என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. 1968இல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டமே வந்தது.

நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், பார்சி அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற சங்க விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சிறிய சமூகம் ஒன்றின் சங்கத்தைப் பற்றியது. ஆனால் விற்பனையில் விலக்கிவைக்கும் உரிமையை அது எவ்வளவு தூரம் அனுமதித்தது என்பதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும். அங்கே அந்தத் தம்பதிகள் படத்தைக் கழற்றியது ஒளிவதற்காக இல்லை, நிரூபிப்பதற்காக. அதைக் கொண்டு வழக்காட ஒரு சட்டம் இருந்தது. நாம் கழற்றினால் கையில் கழற்றிய படம் மட்டும்தான் மிஞ்சும்.

கழற்றுகிறவர்களைக் குறை சொல்லலாமா?

சில தோழர்கள் உடனே சொல்வார்கள்: "அண்ணல் படத்தைக் கழற்றுவது துரோகம்." நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1917இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பி, பரோடா அரசுப் பணியில் சேரப் போன அம்பேத்கருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிக்கம்புகளோடு வந்து நின்றார்கள். வெளியேறினார். தெரிந்தவர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார், வெட்கப்பட்டு மறைக்காமல். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டி அடையாளத்தை மறைக்க நேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வெட்கம் அவருடையது இல்லை, தடியோடு வந்தவர்களுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால், மகளோடு போய் இருக்க ஆசைப்படும் ஒரு தாய் நாலு நாளைக்குப் படத்தைக் கழற்றி வைத்தால் அது துரோகம் இல்லை. ஆனால் கழற்றினால் விலை வரும் என்று அவரை நம்பவைப்பது ஏமாற்று. நாம் அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சுவரை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். பட்டா இன்னும் கணவர் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றத்துக்கு எழுதினோம். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். பட்டாவில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தோம். நிபந்தனைப் பட்டாவாகவோ பஞ்சமி நிலமாகவோ இருந்தால் யாருக்கு விற்கலாம், எப்போது விற்கலாம் என்பதே மாறிவிடும். தெரியாமல் முன்பணம் வாங்கினால் பிறகு சிக்கல். பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் போட்டிருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தோம். நம் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் அது எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று நீங்களும் உங்கள் ஊருக்குப் பார்த்துக் குறித்து வையுங்கள். அது முத்திரைத் தீர்வைக்கான குறைந்தபட்ச அளவுதான். விற்கும் விலைக்கு அது உச்சவரம்பு ஆகாது. "கவர்மென்ட்டே இவ்வளவுதான் போட்டிருக்கு" என்று சொல்லி விலையை அமுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யாராவது "இந்த வீட்டை வாங்கக் கூடாது" என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டால், வாங்க வருகிறவரை மிரட்டினால், அது சும்மா பேச்சு இல்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதும், விதிப்பதாக மிரட்டுவதும் குற்றம். நம் நிலத்தையும் மனையையும் சட்டவிரோதமாகப் பிடுங்குவதும் அதே சட்டத்தில் குற்றம்.

சுவர் வெடிப்பைப் பூசினோம். அது கரிசல் மண் செய்த வேலை. எந்தச் சாதி வீட்டையும் அது விடாது. மாடியில் கிடந்த வத்தலை அள்ளினோம். முன்சுவரைப் பற்றி அம்மாதான் முடிவு சொன்னார். சிவப்பு பச்சைப் பட்டை பாதி உதிர்ந்துவிட்டது, எப்படியும் வெள்ளையடிக்க வேண்டியதுதான், அடித்துவிடு என்றார். படங்களைத் தொட வேண்டாம் என்றார். "வாங்குறவுக வந்து அவுக படத்த மாட்டிக்கிறட்டும். நான் போறப்ப எம்படத்த எடுத்துட்டுப் போறேன்."

வீடு இன்னும் விற்கவில்லை. இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் கேட்ட விலை அடிமாட்டு விலை, அம்மா தலையாட்டவில்லை. பட்டா மாறுவதற்காகக் காத்திருக்கிறார். அது வந்ததும் சொல்கிறேன்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெரு எப்போது உண்டானது, மனை யாருடையதாக இருந்தது, பட்டா எந்த ஆண்டு வந்தது, முதல் காங்கிரீட் வீடு யார் கட்டியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டிலிருக்கும் ஆவணங்களைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

ஜெய்பீம்.